சனிக்கிழமைச் சம்பளமும் இரண்டு காசும்

வேதபாடம்: மாற்கு 12:38–44, லேவியராகமம் 27:8, 1 கொரிந்தியர் 16:1–2, 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,



ஏழை நோயாளர் நிதிக்கு வரும் காணிக்கை உறைகளைப் பிரிக்கும்போது, பத்து ரூபாயும் இருபது ரூபாயும் உள்ள உறைகளே எங்கள் கையில் அதிகம் படுகின்றன. பவர் டேபிளில் அமர்ந்து தைக்கிறவர்கள், செக்கிங் பகுதியில் நின்றுகொண்டே வேலை செய்கிற சகோதரிகள், கட்டிங் மாஸ்டர்கள், அயர்ன் போடுகிறவர்கள் ஆகியோரின் உறைகள் அவை. சிலர் ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்து வைக்கிறார்கள். "இதற்கு மேல் முடியவில்லை, மன்னிக்கவும்" என்று அதில் எழுதியிருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியம் இதில் என்ன இருக்கிறது? குறைந்த வருமானத்தில் கொடுப்பதைக் குறித்து வேதம் போதிப்பதை இம்முறை நாம் ஒழுங்காகப் படிப்போம். வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் பெண்கள் ஐக்கியத்திலும் வாசித்துப் பேசுவதற்கு ஏற்றபடி இதைப் பகுதி பகுதியாகத் தந்திருக்கிறோம்.

1. இரண்டு காசு எவ்வளவு?

எருசலேம் தேவாலயத்தில் காணிக்கை போடுவதற்கு எக்காள வடிவில் பதின்மூன்று பெட்டிகள் இருந்தன என்று யூதரின் மிஷ்னா நூல் கூறுகிறது. அதற்கு எதிரே ஆண்டவர் உட்கார்ந்து, ஜனங்கள் பணம் போடுகிற விதத்தைக் கவனித்தார். ஐசுவரியவான்கள் அதிகமாய்ப் போட்டார்கள். ஏழை விதவை ஒருத்தி இரண்டு காசு போட்டாள்.

அந்தக் காசின் பெயர் லெப்டன். யூதேயாவில் புழங்கிய நாணயங்களில் அதுவே மிகச் சிறியது. இரண்டு லெப்டன் சேர்ந்தால் ரோமரின் ஒரு குவாட்ரன்ஸ் ஆகும். அறுபத்துநான்கு குவாட்ரன்ஸ் ஒரு தினாரியு. ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி ஒரு தினாரியு என்பது திராட்சத்தோட்ட உவமையிலிருந்து நமக்குத் தெரியும் (மத்தேயு 20:2). ஆகவே அவள் போட்டது ஒரு நாள் கூலியில் 64-ல் ஒரு பங்கு. நமது ஊர்க் கணக்கில், ஒரு ஷிப்டுக்கு 640 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், அது சரியாகப் பத்து ரூபாய். உங்கள் உறைகளில் இருக்கும் அதே பத்து ரூபாய்!

பெட்டியில் விழுந்த தொகையை ஆண்டவர் எண்ணவில்லை. கொடுத்த பிறகு அவள் கையில் மீந்தது என்ன என்பதையே பார்த்தார். மற்றவர்கள் தங்கள் பரிபூரணத்திலிருந்து கொடுத்தார்கள். அவளுக்கோ ஒன்றும் மீதியில்லை. ஆகவே உங்கள் காணிக்கையைப் பக்கத்து வீட்டாரின் காணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை. அப்படி ஒப்பிடுகிற கணக்கு ஆண்டவருடைய கணக்கு அல்ல.

2. முந்தின வசனங்களையும் வாசிப்போம்

இந்தப் பகுதியைக் காணிக்கைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் பெரும்பாலும் 41-ஆம் வசனத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். 38 முதல் 40 வரை உள்ள வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைக் குறித்து ஆண்டவர் அங்கே எச்சரிக்கிறார். எச்சரித்து முடித்த உடனே ஓர் ஏழை விதவை வருகிறாள். இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அல்ல.

ஆகவே இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. கொடுக்கிறவளின் விசுவாசத்தை ஆண்டவர் மெச்சிக்கொண்டார். அவளிடமிருந்து வாங்குகிறவர்களையோ அவர் நியாயத்தீர்ப்புக்குள் நிறுத்தினார். காணிக்கை வாங்குகிற ஒரு மருத்துவமனையாகிய நாங்கள் இந்த இரண்டாம் பாடத்தை மறக்கத் துணியோம். உங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் வார்டில் விளக்கேற்றும்படி நாங்கள் கேட்பது தகாது. இதை ஒரு நன்கொடைப் பத்திரிகையில் எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும்.

3. பொருத்தனையும் கடனும்

எங்கள் வார்டுகளில் அடிக்கடி எழும் ஒரு சிக்கலை இங்கே குறிப்பிடுகிறோம். பிள்ளை மூச்சுத் திணறிக் கிடக்கும்போது தாய் ஒரு பொருத்தனை பண்ணுகிறாள். பிள்ளை சுகமாகிறது. கையிலோ பணமில்லை. குழுக்கடன் ஏற்கெனவே இரண்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தாயார் எங்களிடம் இப்படிக் கேட்டார்: "ஐயா, அஞ்சாயிரம் தர்றேன்னு கர்த்தர்கிட்ட சொல்லிட்டேனுங்க. வட்டிக்கு வாங்கியாச்சும் கொடுத்துடறேன். கொடுக்காட்டிப் பொய் சொன்ன மாதிரி ஆயிருமில்லீங்களா?"

அவருடைய பயம் உண்மையான பயம். பொருத்தனையைத் தாமதமின்றிச் செலுத்த வேண்டும் என்று உபாகமம் 23-ம் பிரசங்கி 5-ம் சொல்லுகின்றன. அதை நாம் இலேசாக எண்ணலாகாது. ஆனால் அதே நியாயப்பிரமாணத்தில் லேவியராகமம் 27:8-ஐயும் தேவன் எழுதி வைத்திருக்கிறார். பொருத்தனை பண்ணினவன் குறித்த தொகையைக் கொடுக்க முடியாத ஏழையாயிருந்தால், அவன் ஆசாரியனிடம் போகவேண்டும். ஆசாரியன் அவனுடைய திராணிக்கு ஏற்றபடி தொகையைக் குறைத்து மதிப்பிட வேண்டும். பொருத்தனை நிற்கிறது, தொகை மட்டும் மாறுகிறது. ஏழையின் இக்கட்டைத் தேவன் முன்பே அறிந்து வழி வைத்திருக்கிறார்.

லேவியராகமம் 5-ஆம் அதிகாரத்திலும் இதே இரக்கத்தைக் காண்கிறோம். ஆட்டுக்குட்டி கொண்டுவர முடியாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதுவும் முடியாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவரலாம். குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் ஏழைகளுக்குரிய பறவைக் காணிக்கையையே குறித்துவந்தார்கள் என்று லூக்கா 2:24-லிருந்து அறிகிறோம். உலக இரட்சகரின் வீட்டாரே சலுகைக் காணிக்கை கொடுத்தவர்கள்தான்.

ஆகவே அந்தத் தாயாரிடம், "அம்மா, வட்டிக்கு வாங்கவேண்டாம். மாதம் ஐம்பது ரூபாயாகக் கொடுங்கள். அதுவும் முடியாத மாதம் விட்டுவிடுங்கள். கர்த்தர் உங்களைக் கடன்காரி என்று எழுதமாட்டார்" என்றோம். உங்கள் சபையில் யாராவது இப்படித் தவித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு லேவியராகமம் 27:8-ஐ எடுத்துக் காட்டுங்கள்.

இதோடு மாற்கு 7:9–13-ஐயும் சேர்த்துப் படியுங்கள். தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லி ஆலயத்துக்கு ஒதுக்கினவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். வயதான பெற்றோரின் மாத்திரைச் செலவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை ஆகிய இவைகளும் தேவனுக்கு முன்பாகப் பரிசுத்தமான கடமைகளே. இவைகளை எடுத்து எங்களுக்கு அனுப்பவேண்டாம்.

4. முதல் பிடி

அப்படியானால் ஏழை கொடுக்கவே வேண்டாமா? அப்படியல்ல. கொடுக்கும் பாக்கியத்தை ஏழையிடமிருந்து பறிப்பதும் ஒரு வகை அநியாயமே. மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் உதாரத்துவமாய்க் கொடுத்தார்கள் என்றும், பரிசுத்தவான்களுக்குச் செய்யும் உதவியில் தங்களுக்கும் பங்கு வேண்டுமென்று வருந்திக் கேட்டார்கள் என்றும் பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:1–4). கொடுப்பதற்கு இடம் வேண்டுமென்று ஏழைகளே கேட்டார்கள்!

நம் தேசத்திலேயே இதற்கு நல்ல சாட்சிகள் உண்டு. மிசோரம் மலைகளில் 1910-ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவப் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். சோறு வடிக்க அரிசி அளக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடியை எடுத்து வேறு பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். சபைப் பெண்கள் அதை வீடு வீடாகச் சேர்த்து விற்று, சுவிசேஷ ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். அவர்கள் மொழியில் அதற்கு "புஃபாய் தாம்" என்று பெயர். கையில் காசு புழங்காத மலைவாழ் மக்கள் தொடங்கிய அந்தப் பிடி அரிசி இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாக வளர்ந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டுச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை பழைய வழக்கம்தான். நம்முடைய பாட்டிமார் அடுப்பங்கரையில் அதற்கென்று தனிக் கலயம் வைத்திருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள்.

திருநெல்வேலியையும் நினைவுகூருவோம். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய நண்பர்களும் அதன் முன்னோடிகள். இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்பதே அவர்களுடைய தீர்மானம். பனையேறிகளும் விவசாயிகளும் நிறைந்த சபைகளை நம்பி இப்படித் தீர்மானிப்பது எவ்வளவு பெரிய விசுவாசம்! அவர்கள் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1912-ல் அசரியா அங்கேயே முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். கிறிஸ்தவர்கள் கொடுப்பதைக் குறித்துத் தனியே ஒரு நூலும் எழுதினார்.

பிடி அரிசியில் உள்ள இரகசியம் என்ன? சமைத்துச் சாப்பிட்டு மிஞ்சினதை அவர்கள் கொடுக்கவில்லை. உலையில் போடுமுன் எடுத்தார்கள். ஒரு பிடி குறைந்தால் வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் தினமும் தவறாமல் எடுத்தால் கலயம் நிறைகிறது. முதலாவது எடுப்பது, சிறிதாய் எடுப்பது, தவறாமல் எடுப்பது என்னும் இம்மூன்றும் சேர்ந்தால் குறைந்த வருமானத்திலும் கொடுக்கலாம்.

5. வாரத்தின் முதல் நாள்

கொரிந்து சபைக்குப் பவுல் சொன்ன ஒழுங்கு நமது ஊருக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதைத் தன்னிடத்தில் சேர்த்து வைக்கவேண்டும் என்கிறார் (1 கொரிந்தியர் 16:2). பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம் போடுகிறார்கள். மறுநாள் வாரத்தின் முதல் நாள். மளிகைக்கும் சந்தைக்கும் போகுமுன் ஒரு சிறு தொகையை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். தான் வரும்போது வசூல் நடக்கவேண்டாம் என்பதும் பவுலின் கட்டளை. உருக்கமாகப் பேசுகிறவர் வந்த நாளில் உணர்ச்சிவசப்பட்டுக் கொடுத்துவிட்டு, வாரம் முழுவதும் திண்டாடுவதை அவர் விரும்பவில்லை.

தனியே சிறிதாகத் தோன்றுவது கூடினால் என்னவாகும் என்று பாருங்கள். ஒரு கம்பெனியில் ஒரே வரிசையில் தைக்கிற இருபது பேர் வாரம் பத்து ரூபாய் எடுத்து வைத்தால், வாரத்துக்கு 200 ரூபாய். 52 வாரங்களுக்கு 10,400 ரூபாய். ஒரு தனி ஆள் ஒரே நாளில் இவ்வளவு கொடுப்பது அரிது. இருபது பேருக்கோ அது வாரம் ஒரு டீக் காசு.

6. வேலை இல்லாத வாரம்

நமது தொழிலுக்குச் சீசன் உண்டு. ஆர்டர் இருக்கும்போது ஒன்றரை ஷிப்டு வேலை. ஆர்டர் இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைப்பதும் கடினம். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றின் மாசு காரணமாக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, 2020-ல் ஊரடங்கு வந்தது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தது. இம்மூன்று காலங்களிலும் திருப்பூர் எப்படிக் கலங்கியது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட வாரங்களில் காணிக்கை டப்பா காலியாய் இருந்தால் அது பாவமல்ல. மனவிருப்பம் இருந்தால், ஒருவனிடம் உள்ளதற்கு ஏற்றபடியே அது அங்கீகரிக்கப்படும், இல்லாததற்கு ஏற்றபடி அல்ல என்று 2 கொரிந்தியர் 8:12-ல் படிக்கிறோம். ஆகவே மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையை வாக்குக் கொடுப்பதைவிட, சம்பளத்தில் இவ்வளவு பங்கு என்று தீர்மானிப்பது நல்லது. சம்பளம் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும்.

7. பணமில்லாத காணிக்கைகள்

யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை நமது ஊர்க்காரி என்றே சொல்லலாம். அவளுக்குத் தொற்காள் என்றும் பெயர். அவள் மரித்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டி அழுதார்கள் (அப்போஸ்தலர் 9:36–39). அவள் எவ்வளவு பணம் கொடுத்தாள் என்று வேதம் சொல்லவில்லை. தைத்துக் கொடுத்தாள் என்று சொல்லுகிறது. நாமும் கீழ்க்கண்ட விதங்களில் உதவலாம்.

தையல்: பிறந்த குழந்தையின் தலை, உடலின் அளவைப் பார்க்கப் பெரியது. அதன் வழியாய் உடல் சூடு விரைவில் குறையும். எடை குறைந்த குழந்தைகளுக்கு இது ஆபத்து. ஆகவே மிருதுவான பருத்திக் குல்லாய்கள் எங்கள் பிரசவ வார்டில் எப்போதும் தேவை. ஆனால் கம்பெனியில் மீந்த துணி முதலாளியுடையது. அவரைக் கேட்டு, அவர் அனுமதித்த பின்பே எடுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுக்கிற முதலாளிகள் உண்டு. அப்போது அவரும் இந்த ஊழியத்தில் பங்காளராகிறார்.

இரத்தம்: 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஆரோக்கியமான எவரும் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஹீமோகுளோபின் 12.5 இருக்கவேண்டும். சகோதரிகளில் சிலரை இரத்தசோகை காரணமாகத் திருப்பி அனுப்ப நேரிடும். அதற்காக வருந்தவேண்டாம். கொடுக்க வந்ததினால் உங்கள் குறை வெளிப்பட்டது. முதலில் வைத்தியம் செய்துகொள்ளுங்கள்.

மொழி: பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிறவர்கள் நோயுற்று வரும்போது, தங்கள் வலியைச் சொல்ல வார்த்தையின்றித் தவிக்கிறார்கள். இந்தியோ ஒடியாவோ தெரிந்தவர்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் வெளிநோயாளர் பகுதியில் அமர்ந்தால் அது பெரிய தர்மம். அந்நியனாயிருந்தபோது சேர்த்துக்கொண்டவர்களை ஆண்டவர் என்ன சொல்லி அழைப்பார் என்று மத்தேயு 25-ல் படித்திருக்கிறோம்.

உடன் நடத்தல்: காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடவேண்டும். சுகமானதுபோல் தோன்றியதும் இரண்டாம் மாதத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது நோயாளிக்கும் பிறருக்கும் ஆபத்து. வாரம் ஒருமுறை போய், "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று விசாரிக்க ஒருவர் போதும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. கணக்குத் தொடங்க உதவுகிறவர் இல்லாமல் அதை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறுவதற்கும், வி.ஏ.ஓ. அலுவலகத்தில் வருமானச் சான்றுக்கு அலைவதற்கும் விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போனால், எங்கள் ஏழை நோயாளர் நிதியில் பெரும் தொகை மிச்சமாகும்.

கொடுக்கவேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், தேதி முடிந்த மருந்துகள், கிழிந்த துணிகள் வேண்டாம். குழந்தைகளுக்கான டப்பாப் பாலையும் புட்டிகளையும் அன்பளிப்பாகக் கொண்டுவராதீர்கள். அநாதை இல்லங்கள் தவிர மற்ற இடங்களில் அவைகளைத் தானமாக வழங்குவதை 1992-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. தாய்ப்பாலைக் காப்பதற்காக வந்த நல்ல சட்டம் அது.

8. கேட்டுக் கொடுங்கள்

சிறிய தொகை என்பதால் கணக்குக் கேட்க உரிமையில்லை என்று எண்ணாதீர்கள். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சாட்டாதபடிக்கு, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரர்களையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18–21). அப்போஸ்தலனே அப்படிச் செய்தால் நாம் எம்மாத்திரம்!

எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். பணம் எந்த வேலைக்குப் போகிறது என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டாம். வருமான வரிச் சலுகை வேண்டுவோர், 2000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிடைக்காது என்பதை அறிந்திருங்கள். இவ்விதிகள் எல்லாம் எங்களுக்கும் பொருந்தும். கணக்குப் பார்க்க விரும்புகிறவர் எந்த வேலை நாளிலும் எங்கள் அலுவலகத்துக்கு வரலாம். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் அதே நாற்காலிதான்.

சிந்தித்துப் பேச

1. ஏழை விதவையின் காணிக்கைக்கு முந்தின வசனங்களில் ஆண்டவர் யாரை எச்சரித்தார்? இன்று காணிக்கை வாங்குகிறவர்கள் அதிலிருந்து கற்கவேண்டியது என்ன?

2. நமது குடும்பத்தில் பொருத்தனைக்காகக் கடன் வாங்கியதுண்டா? லேவியராகமம் 27:8 அதற்கு என்ன வழி காட்டுகிறது?

3. நமது வாரச் சம்பளத்தில் முதல் பிடியாக எவ்வளவு எடுக்கலாம்? கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும்.

4. வேலையில்லாத வாரங்களில் நம்மிடம் நேரம் இருக்கும். அந்த நேரத்தை யாருக்குக் கொடுக்கலாம்?

5. நம் தெருவில் அல்லது நம் கம்பெனி விடுதியில், கூட நடக்க ஆளில்லாத நோயாளி ஒருவராவது உண்டா?

பிரியமானவர்களே, உங்கள் உறைகளில் இனி மன்னிப்புச் சீட்டு வைக்கவேண்டாம். அந்தத் தாளில் நாங்கள் ஜெபிக்கவேண்டிய உங்கள் வீட்டுக் காரியம் ஒன்றை எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு வார்டு ஜெபம் தொடங்குமுன் அவைகளை வாசித்து ஜெபிப்போம். நீங்கள் எங்கள் நோயாளிகளைத் தாங்குவதுபோல, அவர்களும் உங்களைத் தங்கள் ஜெபத்தில் தாங்கட்டும்.

கர்த்தர் உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்